‘யங் அமெரிக்கன்ஸ்’ (1975): வெளிவந்த வரிசையா, ‘கவுஸ்டர்’ வரிசையா? கேட்பவர்கள், வாசிப்பவர்கள், வாங்குபவர்கள் எல்லாரும் வரலாம்

நாலாம்தடம்
டேவிட் போவியை ‘ஸிக்கி ஸ்டார்டஸ்ட்’, ‘டயமண்ட் டாக்ஸ்’ வழியாகத் தெரிந்தவர்களுக்கு ‘யங் அமெரிக்கன்ஸ்’ முதலில் வேறு யாரோ பாடுகிற மாதிரிதான் இருக்கும். ராக் கிட்டார் பின்னால் போய்விட்டது. முன்னால் நிற்பது சாக்ஸபோனும் பின்னணிக் குரல்களும். ப்ளூ-ஐட் சோல் என்று சொல்லப்படும் வகையில், அதாவது கருப்பின அமெரிக்கர்களின் சோல் இசையை வெள்ளையர்கள் பாடும் மரபில், இதைவிட அதிகம் விவாதிக்கப்பட்ட ராக் ஆல்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று கேள்விகள்.
1) முதல்முறை கேட்பவர் 1975இல் வெளிவந்த எட்டுப் பாட்டு வரிசையைக் கேட்பதா, அல்லது 2016 பெட்டித் தொகுப்பில் வந்த, இதே ஆல்பத்தின் முந்தைய வடிவமான ‘தி கவுஸ்டர்’ ஏழு பாட்டு வரிசையையா?
2) ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று ‘ஃபேம்’, ‘யங் அமெரிக்கன்ஸ்’ இரண்டையும் மேடையில் வாசிக்கப்போகிறது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, பாடகர். சாக்ஸ் இல்லை. எதை விடலாம், எதை விடவே கூடாது?
3) எல்.பி. வாங்குவதானால் எது?

அலைவரிசை
முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இது எப்படிப் பதிவானது என்று பார்த்துவிடலாம். பதில் அதற்குள்தான் இருக்கிறது.

1974 ஆகஸ்டில், ‘டயமண்ட் டாக்ஸ்’ சுற்றுப்பயணத்தின் இடைவெளியில், போவி ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவுக்குப் போகிறார். ஜோ டார்சியா 1968இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. கேம்பிள், ஹஃப் இருவரின் ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்கள் உருவான இடம். அங்கே வழக்கமாக வாசிக்கும் எம்.எஃப்.எஸ்.பி. கலைஞர்களைப் பிடிப்பதுதான் எண்ணம். கிடைத்தது கோங்கா (கையால் தட்டும் உயரமான முரசு) வாசித்த லாரி வாஷிங்டன் மட்டும். ஆகவே குழுவைப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது.

கிட்டார் கார்லோஸ் அலோமர், நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டர் குழுவில் வாசித்தவர். பேஸ் வில்லி வீக்ஸ், டானி ஹாத்தவேயின் 1972 நேரடி ஆல்பத்தில் வாசித்த அதே கை. டிரம்ஸ் ஆண்டி நியூமார்க், ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோனிலிருந்து வந்தவர். பியானோ மைக் கார்சன், ஆல்டோ சாக்ஸ் டேவிட் சான்பார்ன். பின்னணிக் குரலில் ஏவா செர்ரி, அலோமரின் மனைவி ராபின் கிளார்க், அவர்களுடைய நண்பர் லூதர் வான்ட்ராஸ். வான்ட்ராஸை அப்போது வெளியுலகம் அறியாது. தலைப்புப் பாட்டின் பல்லவிக்குப் பின்னணிக் குரல் வடிவத்தைத் தன்போக்கில் பாடிக் காட்டியவர் அவர்தான். அதைக் கேட்டுத்தான் போவி அவரைக் குரல் அமைப்புக்குள் இழுத்தார். ‘ஃபேசினேஷன்’ வான்ட்ராஸின் சொந்தப் பாட்டு ஒன்றிலிருந்து கிளைத்தது. எழுதியவர் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. குழு ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க, போவி பெரும்பகுதியை அவர்களோடு சேர்ந்தே பாடினார். தந்தி வாத்தியங்களைப் பின்னால் சேர்த்தார்கள். ஸ்டுடியோ வாசலில் காத்துக்கிடந்த ரசிகர்களை உள்ளே கூப்பிட்டு, முடிந்த பாட்டுகளைப் போட்டுக் காட்டியதும் உண்டு.

இதுவரை நடந்ததன் வரிசைதான் ‘கவுஸ்டர்’. பிறகு 1975 ஜனவரியில் நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில், விஸ்கான்டி இல்லாமல், ஹாரி மாஸ்லினோடு இரண்டு பாட்டு பதிவாயிற்று: ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’, ‘ஃபேம்’. இரண்டிலும் பீட்டில்ஸின் ஜான் லென்னன் இருக்கிறார். இவற்றுக்கு இடம் கொடுக்க ‘ஹூ கேன் ஐ பி நவ்?’, ‘இட்ஸ் கானா பி மீ’ இரண்டும் வெளியே போயின. மார்ச் 7 அன்று ஆல்பம் வந்தது.

என் கருத்து: வெளிவந்த வரிசையைத்தான் முதலில் கேட்க வேண்டும். ‘ஃபேம்’ இல்லாத இந்த ஆல்பம், பயணத்தின் கடைசி ஊருக்கு முன்னாலேயே இறங்கிவிடுவது மாதிரி.

கறுப்புவட்டு
அலைவரிசை சொன்ன விவரம் எல்லாம் சரி, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’ இந்த ஆல்பத்தின் ஓட்டை. ‘சம்படி அப் தேர் லைக்ஸ் மீ’ ஆறரை நிமிடம் மெதுவாக ஏறி ஏறி ஒரு தேவாலயச் சூட்டைக் கொண்டுவருகிறது. அடுத்ததாக ‘கேன் யூ ஹியர் மீ’ வந்தால் அந்தச் சூடு இறங்காது. நடுவில் ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கத்திப் பாடி அதை உடைத்துவிடுகிறார்கள். அதற்காக வெளியேற்றிய ‘இட்ஸ் கானா பி மீ’ எப்படிப்பட்ட பாட்டு! பியானோவும் குரலும் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும். போவி தன் குரலின் அடியிலிருந்து உச்சி வரை ஒளிக்காமல் காட்டியது அதில்தான்.

கணக்கும் பாருங்கள். வெளியே போன இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11 நிமிடம். உள்ளே வந்த இரண்டும் சேர்ந்து 9 நிமிடத்துக்குள். நேரம் போதவில்லை என்று சொல்ல முடியாது. ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’ஸை மட்டும் விட்டுவிட்டு ‘ஹூ கேன் ஐ பி நவ்?’வை வைத்திருந்தால் நீளம் அப்படியே இருந்திருக்கும்.

‘கவுஸ்டர்’ வரிசை தெரியாதவர்களுக்கு. முதல் பக்கம்: ‘ஜான், ஐ’ம் ஒன்லி டான்சிங் (அகெய்ன்)’, ‘சம்படி அப் தேர் லைக்ஸ் மீ’, ‘இட்ஸ் கானா பி மீ’. இரண்டாம் பக்கம்: ‘ஹூ கேன் ஐ பி நவ்?’, ‘கேன் யூ ஹியர் மீ’, ‘யங் அமெரிக்கன்ஸ்’, ‘ரைட்’.

ஒரு எச்சரிக்கை. பலர் ஆல்பத்திலிருந்தும் பழைய சி.டி.யின் கூடுதல் பாட்டுகளிலிருந்தும் எடுத்து இந்த வரிசையைத் தாங்களே அடுக்கிக்கொண்டு, ‘கவுஸ்டர் கேட்டுவிட்டேன்’ என்கிறார்கள். அது கவுஸ்டர் ஆகாது. 2016 தொகுப்பில் ‘ரைட்’, ‘கேன் யூ ஹியர் மீ’, ‘சம்படி அப் தேர்’ மூன்றும் அதற்குமுன் வெளிவராத, முந்தைய கலவைகள் (மிக்ஸ்). பாடல் பட்டியல் போடும்போது அந்த மூன்றையும் ‘ஹூ கேன் ஐ பி நவ்? (1974–1976)’ தொகுப்பிலிருந்தே எடுங்கள்.

தாளக்கட்டு
நான் இரண்டாவது கேள்விக்கு வாறன். டிரம்ஸும் பேஸும் சரியா வந்தால் பாதி வேலை முடிஞ்சுது.

‘ஃபேம்’இலை வாசிக்கிறது நியூமார்க்கும் வீக்ஸும் இல்லை எண்டதை முதல்லை விளங்கிக்கொள்ளுங்கோ. டென்னிஸ் டேவிஸ் டிரம்ஸ், எமிர் கசான் பேஸ். அதாலை ரெண்டு பாட்டுக்கும் ஒரே கையோட போக ஏலாது.

‘ஃபேம்’ ஏறத்தாழ நிமிசத்துக்கு 95 அடி. பிழை எங்கை நடக்குது எண்டால், இதை வேகமா எடுக்கிறதிலை. மேடையிலை 104, 105க்குப் போனால் இது ஒரு சாதாரண டிஸ்கோ ஆகிப்போகும். மெட்ரோனோம் கிளிக் போட்டு 95இலை பழகுங்கோ, பிறகு கிளிக்கை இரண்டாம், நாலாம் அடியிலை மட்டும் விழ விட்டுப் பழகுங்கோ. அப்ப தெரியும் ஆர் ஓடுறது எண்டு.

டிரம்ஸ் சத்தம் காய்ஞ்சு இருக்க வேணும். ஸ்னேர் மேலே ஒரு சின்னத் துணி அல்லது ஜெல் துண்டு ரெண்டு, கிக்குக்குள்ளை ஒரு தலையணை தோலைத் தொட்டபடி. கிராஷ் சிம்பலை ஸ்டாண்டிலையிருந்து கழட்டி வையுங்கோ. இருந்தால் கை போகும். ரிவெர்ப் போடாதையுங்கோ, போட்டால் 16ஆம் பங்கு அடிகளுக்கு இடையிலை இருக்கிற வெறுமை நிரம்பிப் போகும். அந்த வெறுமையிலைதான் பாட்டு நிக்குது.

‘யங் அமெரிக்கன்ஸ்’ வேறை மாதிரி. அதிலை கோங்கா இருக்கு, லத்தீன் சாயல் இருக்கு. கோங்கா ஆள் இல்லையெண்டால் கீபோர்டுக்காரர் ஒரு கையிலை ஷேக்கரைப் பிடிச்சு எட்டாம் பங்கு ஓட விடட்டும். டிரம்மர் அதையும் சேர்த்து வாசிக்க வெளிக்கிட்டால் தாளம் பாரமாகும்.

வெண்கலக்குழல்
சாக்ஸ் பற்றி. நாலாம்தடம், சாக்ஸ் இல்லாமல் தலைப்புப் பாட்டை வாசிக்கலாம். ஆனால் அந்த இடத்தில் டிஸ்டார்ஷன் கிட்டாரை வைக்காதீர்கள். இந்த ஆல்பத்தில் முன்னணி கிட்டார் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் சான்பார்னின் ஆல்டோவிடம் கொடுத்திருக்கிறார்கள். அது தற்செயல் அல்ல. அங்கே கிட்டார் வந்தால் பாட்டு மறுபடி 1973க்குப் போய்விடும்.

வெளியிலிருந்து ஒரு ஆல்டோ கலைஞரை அழைப்பதானால், அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது இது. பாட்டு சி மேஜரில் தொடங்கி, பின்பகுதியில் டி மேஜருக்கு ஏறும். ஆல்டோ ஈ-ஃப்ளாட் வாத்தியம், அதாவது அதன் தாளில் சி என்று எழுதியது ஈ-ஃப்ளாட்டாக ஒலிக்கும். ஆகவே அவர் ஏ மேஜரில் தொடங்கி பி மேஜருக்குப் போக வேண்டும், ஐந்து ஷார்ப். ஒத்திகையில் சரியாக வாசிப்பவர்கள்கூட ஏற்றத்துக்குப் பின் முதல் நான்கு பாரில் தடுமாறுவது இதனால்தான். கோர்டு தாளை ஈ-ஃப்ளாட்டுக்கு மாற்றி எழுதியே கொடுங்கள்.

ஆளே கிடைக்காவிட்டால்: கீபோர்டில் சாக்ஸ் ஒலியைத் தொடாதீர்கள், மலிவாகக் கேட்கும். அந்தச் சொற்றொடர்களைச் சுருக்கி, வுர்லிட்ஸர் அல்லது ரோட்ஸ் மின்பியானோ ஒலியில் வலது கையால் ஒற்றைச் சுரமாக வாசியுங்கள். பாடகருக்குப் பதில் சொல்கிற மாதிரி வாசிக்க வேண்டும், அவர் பாடும்போது கூடவே ஓடக் கூடாது.

கடைசிக்குச் சற்று முன்னால் மொத்தக் குழுவும் நின்று, போவியின் குரல் மட்டும் உச்சத்துக்குத் தாவும் இடம் ஒன்று உண்டு. அங்கே பேஸ் சுரத்தைக்கூட நீட்டாமல் வெட்டுங்கள். ஒருவர் நீட்டினாலும் அந்த இடம் செத்துப்போகும்.

நாலாம்தடம்
நன்றி வெண்கலக்குழல். ஏ-யிலிருந்து பி-க்குப் போவது பற்றி யாரும் இதுவரை சொன்னதில்லை. பின்னணிக் குரலுக்கு என்ன செய்வது? பாடகரைத் தவிர, கீபோர்டும் பேஸும் பாடக்கூடியவர்கள்.

அலைவரிசை
இரண்டு பேர் போதாது, மூன்று வேண்டும். ‘ரைட்’டைக் கேட்டால் ஏன் என்று புரியும். பி.பி.சி.யின் ‘கிராக்ட் ஆக்டர்’ ஆவணப்படத்தில் வான்ட்ராஸ், செர்ரி, கிளார்க் மூவருக்கும் போவி ‘ரைட்’டின் கேள்வி-பதில் வரிகளைப் பயிற்சி கொடுக்கும் காட்சி இருக்கிறது. மெட்டைவிட, யார் எந்த அடியில் நுழைவது, எங்கே விடுவது என்பதில்தான் மொத்தக் கவனமும் இருக்கும். அந்தக் காட்சியை உங்கள் குழு ஒத்திகைக்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

செய்முறை: சொற்களைத் தாளில் எழுதும்போது வரியாக எழுதாமல், ஒரு பாருக்கு 16 கட்டம் போட்டு, ஒவ்வொரு அசையும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூவரும் முதலில் சுரமே இல்லாமல், பேசுகிற குரலில், கைதட்டலோடு சொல்லிப் பழகட்டும். அது ஒன்றாக விழுந்த பிறகுதான் சுரம். தலைகீழாகச் செய்கிறவர்கள் சுருதி சேர்ந்து, நுழைவு சிதறிப் பாடுவார்கள். சோல் பாட்டில் சிறிய சுருதிப் பிசகைக் காது மன்னிக்கும், நுழைவுப் பிசகை மன்னிக்காது.

ஒலிவாங்கி: ஆளுக்கொன்று கொடுக்காமல் மூவருக்கும் ஒன்று, இரண்டடி தள்ளி. சத்தச் சமநிலையை அவர்களே முன்னும் பின்னும் நகர்ந்து செய்துகொள்வார்கள். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் இருந்தால் இது நடக்காது, அப்போது தனித்தனி ஒலிவாங்கிதான் வழி.

ஊசிமுனை
கிட்டார் பற்றி யாரும் தொடவில்லையே. ‘ஃபேம்’ கிட்டார் ஒன்றல்ல, பல அடுக்கு. அதன் வேர், அந்தக் குழு மேடையில் வாசித்துக்கொண்டிருந்த ‘ஃபுட் ஸ்டாம்பின்’ பாட்டுக்கு அலோமர் கட்டிய ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் சொற்றொடர். 1974 டிசம்பரில் ஒளிபரப்பான டிக் கேவெட் நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைக் கேட்கலாம். எலெக்ட்ரிக் லேடியில் அந்த ரிஃபை வேறு பாட்டாகப் பிரித்துக் கட்டினார்கள். எழுதியவர்கள் போவி, அலோமர், லென்னன் மூவரும்.

பாட்டு பெரும்பாலும் எஃப்7 மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே கிட்டார்தான் என்றால் எஃப்9 வடிவத்தில் இருங்கள்: ஏ தந்தி 8, டி தந்தி 7, ஜி, பி, உச்ச ஈ மூன்றும் 8. அடித்தந்தியை விரல் நுனியால் ஊமையாக்குங்கள். கீழடுக்கு ரிஃபைக் கீபோர்டுக்காரர் கிளாவினெட் ஒலியில் எடுக்கட்டும். ஒரே ஆள் இரண்டு அடுக்கையும் மாறி மாறி வாசிக்கப் பார்த்தால் இரண்டும் போகும்.

ஆம்ப்பில் கெயின் குறைவு, கம்ப்ரஷன் கொஞ்சம், மெல்லிய பிக். வலது கை 16ஆம் பங்கில் நிற்காமல் ஓட வேண்டும், ஆனால் இடது கை ஒரு பாருக்கு மூன்று நான்கு முறைதான் அழுத்த வேண்டும். பொதுவாக நடக்கிற பிழை, எல்லா அடியிலும் கோர்டை ஒலிக்க விடுவது. அப்போது பேஸுக்கும் கிக்குக்கும் இடமே இருக்காது.

அடுத்து, எல்லாரும் கேட்கும் அந்த இடம்: ‘ஃபேம்’ என்ற ஒரே சொல் கீச்சுக்குரலில் தொடங்கிப் படிப்படியாக அடித்தொண்டை வரை இறங்குவது. நாடா ஓடும் வேகத்தை மாற்றிச் செய்தது. கணினியில் செய்வதானால் சுருதி மாற்றும் கருவியில் ‘ரீசாம்பிள்’ அல்லது ‘டேப்’ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தைக் காப்பாற்றும் முறையும் ஃபார்மன்ட் திருத்தமும் (குரலின் இயல்பான நிறத்தைக் காப்பது) வேண்டாம். அவை போட்டால் மனிதக் குரல் உயரப் பாடுவது மாதிரி ஆகிவிடும். பாட்டில் இருக்கும் பொம்மைத்தனம் வராது.

கணக்கு: ஒரு அரைச் சுரத்துக்கு வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு மாறும், 12 அரைச் சுரத்துக்கு இரு மடங்கு. ஏழு அரைச் சுரம் உயர்த்த வேண்டுமானால் பின்னணித் தடத்தை 67 விழுக்காடு வேகத்தில் ஓடவிட்டு, அதாவது 95 அடி 63 ஆகிவிடும், அதன் மேல் பாடிவிட்டு மறுபடி முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு முழு ஸ்தாயிக்கு 47 அடியில் பாட வேண்டும். அந்த மெதுவில் தாளத்தோடு நிற்பது கடினம். ஆகவே அதிகபட்சம் ஏழு அரைச் சுரத்துக்கு இப்படிச் செய்து, மீதியை உயரப் பாடி ஈடுகட்டுங்கள். மேடைக்கு இதை முன்கூட்டியே பதிவு செய்து, டிரம்மர் பேடில் வைத்து அடிப்பதுதான் நிச்சயமான வழி.

கறுப்புவட்டு
மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். 1975 பிரிட்டன் பதிப்பு ஆர்.சி.ஏ. ஆர்.எஸ். 1006, அமெரிக்கப் பதிப்பு ஏ.பி.எல்.1-0998. பழைய தட்டு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, அதாவது ‘ஃபேம்’. அது தட்டின் உள்வட்டத்தில் இருக்கிறது. 33⅓ சுழற்சியில் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. பள்ளம் ஓடும். உள்ளே 60 மி.மீ. ஆரத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலி அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிக் கிடக்கிறது. அதனால் தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான், ஹை-ஹாட்டிலும் ‘ஸ்’ ஓசையிலும். முதல் பாட்டைப் போட்டுக் காட்டி விற்பவரிடம் கடைசிப் பாட்டையும் கேளுங்கள்.

தட்டு நன்றாக இருந்தும் ‘ஃபேம்’ மட்டும் கரகரத்தால் தட்டைக் குறை சொல்லும் முன் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பாருங்கள். கோணம் சரிபார்க்கும் புரோட்ராக்டர் தாளில் உள்புள்ளியிலும் சரியாக நிற்கிறதா? வெளிப்புள்ளியில் மட்டும் சரிசெய்துவிட்டு விடுகிறவர்கள் அதிகம். ஊசி எடையும் தயாரிப்பாளர் சொன்ன எல்லையின் மேல்பாதியில் இருக்கட்டும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் தவறு. ஊசி பள்ளத்தில் துள்ளித்தான் சுவரைக் கெடுக்கும்.

புதிய தட்டுதான் வேண்டும் என்றால் 2025இல் வந்த ஐம்பதாம் ஆண்டு அரைவேக மாஸ்டரிங் பதிப்பு (பாதி வேகத்தில் ஓட்டிப் பள்ளம் வெட்டியது). அதோடு வந்த படத்தட்டை (படம் பதித்த தட்டு) சுவரில் மாட்டலாம். படத்தட்டுகளில் மேற்பரப்பு இரைச்சல் பொதுவாகவே கூடுதல்.

சி.டி. தேடுபவர்களுக்கு 1991 ரைக்கோடிஸ்க் பதிப்பில் நீக்கப்பட்ட இரண்டு பாட்டும் ‘ஜான், ஐ’ம் ஒன்லி டான்சிங் (அகெய்ன்)’உம் உண்டு. 2007 பதிப்பில் விஸ்கான்டியின் 5.1 சரவுண்ட் கலவையும், டிக் கேவெட் நிகழ்ச்சிக் காட்சியும், தந்தி வாத்தியங்களோடு கூடிய ‘இட்ஸ் கானா பி மீ’யும். பதிப்புகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமன் செய்துகொண்டு கேளுங்கள். அரை டெசிபல் கூடினாலே காது அதைத்தான் ‘தெளிவு’ என்று சொல்லும்.

தாளக்கட்டு
கறுப்புவட்டு அண்ணை, நீங்கள் ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’ பற்றிச் சொன்னது எனக்கும் சரி. ஆனா அந்தப் பாட்டு இல்லாட்டி லென்னன் அந்த அறைக்கு வந்திருப்பாரோ? அவர் வந்தபடியாத்தான் ‘ஃபேம்’. 1975 செப்டெம்பரிலை அது அமெரிக்காவிலை முதலாம் இடம், போவிக்கு அங்கை அதுதான் முதல் முதலாமிடம். பலவீனமான பாட்டுக்குக் குடுத்த இடம் அந்தப் பாட்டுக்கான விலை எண்டு நான் எடுக்கிறன்.

கறுப்புவட்டு
வந்தது சரி தம்பி. வந்த பிறகு அந்தப் பாட்டை ஆல்பத்தில் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. தனித்தட்டின் மறுபக்கமாகப் போட்டிருக்கலாம்.

வெண்கலக்குழல்
இதில் இன்னொரு கோணம். போவியே இந்த ஆல்பத்தை ‘பிளாஸ்டிக் சோல்’ என்றார். அதைப் பிடித்துக்கொண்டு சிலர் முழுவதையும் போலி என்கிறார்கள். வீக்ஸின் பேஸிலும் வான்ட்ராஸின் குரல் அமைப்பிலும் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? அவர் சொன்னது தன் குரலைப் பற்றி, தான் நின்ற இடத்தைப் பற்றி. ஜேம்ஸ் பிரவுன் அதன்பின் ‘ஃபேம்’ ரிஃபை எடுத்துத் தன் பாட்டொன்றைக் கட்டினார். அலோமரின் கைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும்?

நாலாம்தடம்
குழுவிடம் இதையெல்லாம் கொடுத்துவிட்டேன். ‘யங் அமெரிக்கன்ஸ்’ஸின் அசல் சுருதி பாடகருக்கு எட்டவில்லை, டி-க்கு ஏறிய பிறகு உச்ச இடத்தில் உடைகிறது. இரண்டு அரைச் சுரம் இறக்கி பி-ஃப்ளாட்டில் தொடங்கலாமா, அல்லது ஏற்றத்தையே விட்டுவிடலாமா?

வெண்கலக்குழல்
ஏற்றத்தை விடாதீர்கள். பி-ஃப்ளாட்டில் தொடங்கி சி-க்கு ஏறுங்கள். ஆல்டோ கிடைத்தால் அவருக்கும் லாபம்: ஜி-யில் தொடங்கி ஏ-க்குப் போவார், மூன்று ஷார்ப்தான். பேஸ்காரர் நான்கு தந்தியிலேயே வாசிக்கலாம். கிட்டாருக்குத்தான் திறந்த தந்திகள் போகும். எல்லாவற்றையும் பாரே வடிவத்தில் பிடிக்கட்டும். இந்தப் பாட்டுக்கு அதுவே நல்லது, ஊமையாக்குவது எளிது. ‘ஃபேம்’ மட்டும் எஃப்-இலேயே இருக்கட்டும், அதை இறக்கினால் ரிஃப் சகதியாகிவிடும்.